கீரைக்கார அம்மா ஒளித்து வைத்த கவர்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சட்டம் தெரிந்த நண்பர்களே, வணக்கம்.

"உலகம் திருந்துவது தனிமனிதர் செய்யும் சிறு மாற்றங்களாலா, அரசு போடும் பெரிய சட்டங்களாலா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தோழர் ஒரு போடு போட்டார். "ஆலைக்காரன் லாரி லாரியாகக் கழிவைக் கொட்டுகிறான், நீ துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய் என்னத்தைக் கிழித்தாய்?" என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆலைக்காரனைப் பிடிக்கச் சட்டம்தான் வேண்டும். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். சட்டம் போட்ட பிறகு தெருவில் என்ன நடக்கிறது? என் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. அபராதம் உண்டு, பறிமுதல் உண்டு. சரி, அப்புறம்? 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. சட்டமே வேலையை முடித்திருந்தால், மூன்று வருடம் கழித்து நம்மிடம் வந்து "கையில் ஒரு பை எடுத்துக்கிட்டுப் போங்கப்பா" என்று ஏன் கேட்க வேண்டும், நடுவர் அவர்களே?

காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணமே நான்தான். தடை வந்த வருடம் கீரை வாங்கப் போனேன், வீசின கையும் வெறுங்கையுமாக. "பை இருக்கா தம்பி?" என்றார் கீரைக்கார அம்மா. இல்லை என்று முகத்தைச் சுளித்தேன். கோணிக்கு அடியில் கையை விட்டு ஒரு கவரை உருவினார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் ஒளிச்சு வச்சிருக்கேன். பிடிச்சா தண்டம் நான்தானே கட்டணும்" என்றார். சட்டத்தை மீறியது அவரா, நானா? அன்றிலிருந்து என் வண்டிப் பெட்டியில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டிக்காட்டான் என்று சிரித்தவர்கள் நாம். அந்தச் சிரிப்பை நிறுத்த எந்தச் சட்டப்பிரிவு இருக்கிறது?

சிவகங்கை மாவட்டத்துக்கு வாருங்கள். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே கண்மாயில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-லேயே அரசு அறிவித்துவிட்டது. அதாவது உங்கள் சட்டம் அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மாதங்களுக்கு நடுவே தீபாவளி வந்து தொலைக்கிறதே! வேலி போடலாம், காவலர் போடலாம். வீட்டு முற்றத்தில் ஒரு பொடியன் சரவெடியைப் பற்ற வைத்தால் எந்தக் காவலர் ஓடிவந்து ஊதி அணைப்பார்? அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புதுச்சட்டை உண்டு, பலகாரம் உண்டு, வெடி கிடையாது. வெடிக்காக அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தினாளே ஒரு தாய், அவள்தான் நடுவர் அவர்களே அந்தச் சரணாலயத்தின் வேலி. வனத்துறை தீபாவளிக்கு அந்த ஊருக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறது. உத்தரவு போடுகிற துறை ஓர் ஊருக்கு நன்றி சொல்லப் போகிறது என்றால் யார் பெரியவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் நமக்கெல்லாம் பொன்னாடை போடுவார்கள். அது வழக்கம்போல் மொடமொடவென்று பிளாஸ்டிக் உறையில்தான் வரும். நான் இரண்டு மஞ்சப்பை கொண்டு வந்திருக்கிறேன், ஒன்று எதிரணித் தலைவருக்கு. அவர் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார். நீங்கள் அவருக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.