மைனஸ் 273-க்குப் பக்கத்தில் ஒரு பேரம்

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில், அகன்ற வயிறும் குறுகிய கழுத்துமாக ஓர் அலுமினியக் குடுவை நிற்கும். மூடியைத் திறந்தால் வெண்புகை வழியும். உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். சினை ஊசிக்கான விந்துக் குச்சிகள் அதில்தான் உறைந்து கிடக்கின்றன. அந்தக் குளிரை வாங்குவதில் சிக்கல் இல்லை. குடுவை நம் நாட்டிலேயே தயாராகிறது, நைட்ரஜன் நிரப்புவோரும் பலர். நாலு பேரிடம் விலை கேட்கலாம்.

பல்கலைக்கழக இயற்பியல் துறை கேட்கும் குளிர் வேறு. அதைத் தரும் கருவியை ஒரே நிறுவனத்திடம்தான் வாங்க முடியும் என்றால் எப்படி வாங்குவது என்பதே இன்றைய பேச்சு. ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில்தான் திரவமாகும். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1908-இல் காமர்லிங் ஆனஸ் அதைச் செய்து காட்டினார். மூன்றே ஆண்டுகளில், அந்தக் குளிரில் பாதரசம் தன் மின்தடையை அடியோடு இழப்பதை அதே ஆய்வகம் கண்டது. இப்படி மின்தடை இழக்கும் பொருள்தான் மீக்கடத்தி. குவாண்டம் கணினிக்கான மீக்கடத்திச் சில்லுகளைச் சோதிக்க இந்தக் குளிரும் போதாது. குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து, அதாவது ஏறக்குறைய மைனஸ் 273 டிகிரியிலிருந்து, ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும். அதற்கான கருவியின் பெயர் டைலூஷன் ரெஃப்ரிஜிரேட்டர்.

ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற இரண்டு வகை ஹீலியத்தைக் கலந்து மிகக் குளிர்வித்தால், கலவை தானாகவே இரண்டு அடுக்காகப் பிரியும். மேலடுக்கில் இருக்கும் ஹீலியம்-3 அணுக்கள் கீழடுக்குக்கு இறங்கும்போது வெப்பத்தை உறிஞ்சும். அப்படி இறங்கியதை உறிஞ்சி எடுத்து, மறுபடி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெய்ன்ஸ் லண்டன் 1951-இல் சொன்ன யோசனை இது. 1964-இல் லெய்டனில் கருவியாக இயங்கியது. இதில் ஹீலியம்-3 லேசில் கிடைப்பதில்லை. ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான டிரிட்டியம் சிதைவதிலிருந்துதான் பெரும்பாலும் அதைப் பெறுகிறார்கள், அந்தக் கையிருப்போ சில அரசுகளின் பிடியில் இருக்கிறது. ஆகவே இத்தகைய கருவியைச் செய்யும் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பின்லாந்தில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று, நெதர்லாந்தில் ஒன்று என்று போகும் பட்டியல் சீக்கிரமே முடிந்துவிடும். மத்திய அரசு 2023-இல் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு, இந்தக் கருவியைக் கேட்கும் துறைகள் கூடியிருக்கின்றன. கோவையிலும் சேலத்திலும் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அந்த ஆசை வருவது நியாயம்தான்.

இனி கொள்முதல் கோப்புக்கு வருவோம். ‘இதை ஒரே நிறுவனத்திடம்தான் வாங்க முடியும்’ என்று பேராசிரியர் எழுதிய உடனே நிதி அலுவலரின் புருவம் உயரும். உயர வேண்டியதுதான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வாங்கும் அமைப்பிலிருந்து ஒருவர், இதைப் போன்ற கொள்முதலைச் செய்யும் அரசு நிறுவனத்திலிருந்து ஒருவர், பெயர்பெற்ற கல்வி அல்லது ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒருவர் என மூன்று வல்லுநர்கள், பொருள் ஓரிடத்தில் மட்டுமே கிடைக்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் இதற்கு 166-ஆம் விதி. அந்த நிறுவனம் ஒன்றே தயாரிப்பாளர் என்றாலோ, அவசரம் என்றாலோ, ஏற்கெனவே இருக்கும் கருவியோடு பொருந்த வேண்டும் என்றாலோ ஒற்றை ஒப்பந்தப்புள்ளி செல்லும்.

பல பல்கலைக்கழகங்களின் கொள்முதல் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தணிக்கைக்குப் பயந்து மூன்று விலைப்புள்ளி சேர்க்கும் வழக்கத்தைவிட மோசமானது இல்லை. ஒரே முகவர் தன் விலையையும் தருவார், இரண்டு தோழமை நிறுவனங்களின் தாளில் கூடுதல் விலையையும் அனுப்பி வைப்பார். மூன்று உறையிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்த கோப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோப்பு அழகாகத்தான் இருந்தது. அதைவிட, ‘ஒருவர்தான் இருக்கிறார், காரணம் இது’ என்று நேராக எழுதும் கோப்பு எவ்வளவோ மேல்.

ஆனால் அந்தக் காரணம் ஆய்விலிருந்து பிறக்க வேண்டும், நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டிலிருந்து அல்ல. எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும், காந்தப்புலம் எத்தனை டெஸ்லா, மின்கம்பி வழிகள் எத்தனை, அதிர்வு எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு யாரால் தர முடியும் என்று தேடினால் அது நேர்மையான தேடல். ஒரு கருவியின் அடித்தட்டு விட்டத்தை மில்லிமீட்டர் சுத்தமாக விவரக்குறிப்பில் எழுதி, அந்த அளவு ஏன் வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லாத கோப்பில் தேடல் நடக்கவில்லை. ‘அந்த ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் இதைத்தான் வைத்திருக்கிறார்’ என்பதும் காரணமாகாது. பழைய காந்தமும் அளவிடும் மென்பொருளும் அந்த நிறுவனத்துடையவை, வேறொன்று பொருந்தாது என்றால் அது காரணம்.

சரி, ஒருவர்தான் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு பேரம் பேச ஒன்றுமில்லை என்று பலர் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்குப் புரியாத இடம் இதுதான். திருப்பூரில் வெளிநாட்டுப் பின்னல் இயந்திரம் வாங்குகிற முதலாளியிடம் போய்க் கேளுங்கள். விலையைக் கடைசியில்தான் பேசுவார். ஊசி எங்கே கிடைக்கும், என்ன விலை, இயந்திரம் நின்றால் ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதைத்தான் முதலில் பிடிப்பார். ஆணை கையெழுத்தாகும் வரைதான் தன் பேச்சுக்கு மதிப்பு என்பது அவருக்குத் தெரியும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பத்து வியாபாரிகள் போட்டி போட்டு விலையைச் சொல்வார்கள். இங்கே போட்டி இல்லாததால் அந்த வேலையையும் வாங்குபவரே செய்தாக வேண்டும். வேறு பல்கலைக்கழகங்கள் அதே நிறுவனத்துக்குக் கொடுத்த கொள்முதல் ஆணைகளின் நகலைக் கேட்பது முதல் படி.

இப்போதைய கருவிகளில் திரவ ஹீலியம் ஊற்ற வேண்டியதில்லை. கம்ப்ரஸரோடு இணைந்த குளிர்விப்பான் முதற்கட்டக் குளிரைத் தந்துவிடும். நம் நாடு ஹீலியத்துக்கு இறக்குமதியை நம்பியிருப்பதால் இது பெரிய ஆறுதல். ஆனால் கம்ப்ரஸர் இரவும் பகலும் ஓட வேண்டும். அதன் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் அட்சார்பரை ஏறக்குறைய 20,000 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டேகால் ஆண்டுக்கு ஒன்று. அதுவும் அதே நிறுவனத்திடமிருந்துதான் வரும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸரைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும். சிறுவாணித் தண்ணீரின் பெருமையை நாம் ஊரெல்லாம் பேசுவோம், வளாகத்தின் ஆய்வகக் குழாயில் வருவதோ பெரும்பாலும் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது குழாய்ச் சுவரில் படிந்தால் வெப்பம் வெளியேறாது, கம்ப்ரஸர் தானே நின்றுவிடும். ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும், மூடிய சுற்றில் சுத்தத் தண்ணீர் வேண்டும், மின்சாரம் போனால் உடனே எடுத்துக்கொள்ளும் ஜெனரேட்டர் வேண்டும். ஒருமுறை சூடேறிவிட்டால் மறுபடி அடிமட்டக் குளிருக்கு இறங்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும்; மாணவரின் அளவீடு பாதியில் போகும். இதெல்லாம் விலைப்புள்ளியில் வராது. ‘நிறுவும் இடத்தை வாங்குபவர் தயார் செய்ய வேண்டும்’ என்ற ஒற்றை வரிக்குள் ஒளிந்திருக்கும்.

ஆகவே ஆணையோடு ஓர் இணைப்புத் தாள் போக வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுப் பராமரிப்பு விலையும், அட்சார்பர், வால்வு மோட்டார் போன்ற உதிரிகளின் விலையும் அதில் இன்றே உறுதியாக வேண்டும். நம் தொழில்நுட்பர்கள் இருவருக்கு அந்த நிறுவனத்தின் தொழிற்கூடத்திலேயே பயிற்சி என்பதும் இருக்க வேண்டும். பம்புசெட்டைக் கழற்றிப் பூட்டியே வளர்ந்த பிள்ளைகள் கோவைப் பாலிடெக்னிக்குகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் இருவரைத் தேர்ந்தெடுத்து, விமான டிக்கெட் செலவை யார் ஏற்பது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள். வணக்கம்.