காலையில மட்டும் வர்ற வயித்துவலி – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி ரெண்டு நாளா என்னை விடல. ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "ஐயா, என் மகனுக்கு ஏழு வயசு. மலாய்ப்பள்ளியில ஒன்றாம் ஆண்டு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் காலையில வயிறு வலிக்குதுன்னு அழுவுறான். சனி, ஞாயிறு வலியே இல்ல. கிளினிக்ல பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நடிக்கிறானா? அடிச்சு அனுப்பலாமா?"

அடிக்காதீங்க தங்கச்சி. மீதியெல்லாம் அப்புறம்.

நம்ம வீடியோவ பார்க்கிறவங்களுக்குத் தெரியும், நான் டாக்டர் இல்ல. பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரெசரா இருந்தவன். என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் உண்டு: "எப்போ?" எங்க வலிக்குதுன்னு அப்புறம் கேட்டுக்கலாம். சளியப் பத்திப் பேசினப்பவும் இதத்தான் சொன்னேன், தூக்கத்தப் பத்திப் பேசினப்பவும் இதத்தான். என் மக "அப்பா, எப்போதான் இந்த எப்போவ விடுவீங்க"ன்னு கேக்குது. இங்க பாருங்க, பதில் கேள்வியிலயே இருக்கு. அஞ்சு நாள் வலிக்குது, ரெண்டு நாள் வலிக்கல.

அதுக்காக வலி பொய்யில்ல. குடலுக்குள்ள மட்டும் பத்து கோடிக்கு மேல நரம்பு செல் இருக்கு, மூளையோட எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கு. பயம் வந்தா வயித்தக் கலக்குதுன்னு நம்ம பாட்டி சும்மாவா சொன்னாங்க? ஜான் ஏப்லின்னு ஒரு இங்கிலாந்து குழந்தை டாக்டர், 1958ல, ஆயிரம் பள்ளிப் பிள்ளைங்கள ஆராய்ஞ்சு எழுதினாரு. பத்துல ஒரு பிள்ளைக்கு இப்படி விட்டு விட்டு வயித்துவலி. அவரு சொன்ன இன்னொண்ணு: தொப்புளச் சுத்தி வலிச்சா பெரும்பாலும் பயமில்ல, தொப்புள விட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் கவனிக்கணும். ராத்திரி தூக்கத்துலேர்ந்து எழுப்புற வலி, எடை குறையிறது, மலத்துல ரத்தம், பச்சையா வாந்தி, வலது பக்கம் அடிவயிறு, காய்ச்சல், இதுல எது இருந்தாலும் என் வீடியோவ நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு கதை சொல்றேன். தோட்டத்துல பால்மரம் வெட்டுற ஒருத்தரோட மக, தமிழ்ப்பள்ளி முடிச்சு டவுன் இடைநிலைப்பள்ளில புகுமுக வகுப்புக்குப் போச்சு, மலாய் பழகிக்கிற அந்த முதல் வருஷம். அடிக்கடி வயித்துவலி. மூணு தடவ மருந்து குடுத்து அனுப்பினேன். "எப்போ"ன்னு கேக்கவே இல்ல, அன்னிக்கு எனக்கு என்ன அவசரமோ! கடைசில, தோட்டத்துக் கைப்பிள்ளைங்களப் பார்த்துக்கிற ஆயாக் கொட்டகை ஆயாதான் வந்து சொன்னாங்க: "சார், அந்தப் பள்ளி கக்கூசுக் கதவுக்குத் தாப்பா இல்லையாம். பிள்ள காலையிலேர்ந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒண்ணுக்கும் போறதில்ல, ரெண்டுக்கும் போறதில்ல, தண்ணியும் குடிக்கிறதில்ல." என்கிட்ட சொல்லாத பிள்ள, சின்னதுல தூக்கி வளர்த்த ஆயாகிட்ட சொல்லியிருக்கு.

அடக்கி அடக்கி மலம் கெட்டியாகும், போகும்போது வலிக்கும், வலிக்குமேன்னு இன்னும் அடக்கும். நம்ம வயிறு காலையில பசியாறினதும்தான் நல்லா அசையும். அந்த நேரம் பார்த்து ஆறே காலுக்கு வேன்காரர் ஹார்ன் அடிக்கிறாரு. பிள்ள என்ன பண்ணும்?

உங்க மகன் விஷயத்துல இன்னொண்ணு. வீட்ல தமிழ், பள்ளில மலாய். "சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்?" டீச்சர், நான் கக்கூசுக்குப் போகலாமான்னு அர்த்தம். நமக்கு அஞ்சு வார்த்தை. முப்பது பேர் திரும்பிப் பார்க்கிற வகுப்புல ஏழு வயசுப் பிள்ளைக்கு அது மலை. வீட்லயே விளையாட்டா சொல்லிப் பழக்குங்க, நீங்க சிக்குவா இருங்க.

உண்மையச் சொன்னா, நடிக்கிறானான்னு கேக்கிறதுக்குப் பதிலா, பள்ளி கக்கூசுல தண்ணி வருதான்னு யாராவது எனக்கு எழுத மாட்டாங்களான்னு இருக்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நானும் போயிருக்கேன். டியூஷனப் பத்தி ஒரு மணி நேரம் பேசுறாங்க. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் அரசாங்கப் பரீட்சைய 2021லயே ரத்து பண்ணியாச்சு, இன்னும் "எத்தனை ஏ"ன்னுதான் வாயில வருது. கக்கூசுன்னு நான் எந்திரிச்சுச் சொன்னதும் பின்னால சிரிக்கிறாங்க லா. அடுத்த கூட்டத்துக்கு முன்ன நீங்களே ஒரு தடவ போய் அந்தக் கதவத் தொறந்து பாருங்க.

சரி தங்கச்சி. இருபது நிமிஷம் முன்ன எழுப்புங்க, அதுக்கு ஒம்போது மணிக்கே படுக்க வைக்கணும். பசியாறினதும் கக்கூசுல உட்கார வைங்க. உட்கார்ற கக்கூசா இருந்தா காலுக்கு ஒரு முக்காலி போடுங்க, தொங்கக்கூடாது. பப்பாளி, தண்ணி. நின்னுக்கிட்டு விரட்டாதீங்க. "வயிறு எப்போ வலிக்க ஆரம்பிக்குது, சட்டை மாட்டும்போதா, வேன் சத்தம் கேட்டா, பள்ளி கேட் கிட்டயா"ன்னு ராத்திரி படுக்கையில கேளுங்க. யாராவது அடிக்கிறாங்களா, பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்களான்னும் கேளுங்க. கேட்டுட்டு வகுப்பு ஆசிரியரப் பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு எழுதுங்க.

அடுத்த கேள்வி, பேன் தொல்லை. இதுக்கும் முதல்ல, எப்போலேர்ந்து?