எலும்புக்கும் நரம்புக்கும் நடக்குற பேச்சு

அய்யாமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கங்க. மாட்டுத்தாவணியில அவசரமா பஸ் ஏறுறப்போ படிக்கட்டு விளிம்பு முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல நங்குன்னு இடிக்கும் பாருங்க, உசுரே போயிட்டு வரும்ல? அங்க சதை கிடையாது, அடி நேரா எலும்பு மேல போர்த்தியிருக்குற சவ்வுலயே விழுது, அந்த சவ்வு பூரா நரம்பு.

வலியைச் சொல்றதோட அந்த நரம்போட வேலை முடிஞ்சுபோறதில்லங்க. அதோட நுனியில இருந்து சி.ஜி.ஆர்.பி.ன்னு ஒண்ணு சுரக்குது, நம்மூரு மல்லிகைச் சரம் மாதிரி 37 அமினோ அமிலத்தை வரிசையா கோத்த ஒரு குட்டித் துண்டு. பக்கத்துல ஆஸ்டியோபிளாஸ்ட்னு எலும்பு கட்டுற கொத்தனார் செல்லு இருக்கே, அதுக்கு இது போய்ச் சேர்ந்தா வேலை சூடு பிடிக்குது. 2016ல வந்த ஒரு ஆராய்ச்சியில எலியோட தொடை எலும்புல மக்னீசியம் கம்பி வச்சாங்க, நரம்பு சி.ஜி.ஆர்.பி.ய நிறைய விட்டுச்சு, சவ்வுல இருக்குற ஸ்டெம் செல் எல்லாம் எலும்பு செல்லா மாறி புது எலும்பு வளந்துச்சு. அடுத்து மிளகாய்க் காரத்துல இருக்குற கேப்சைசினை வச்சு அந்த நரம்பை முடக்கிப் பாத்தாங்க, அந்த வளர்ச்சி நின்னுபோச்சு. கம்பி அதே கம்பிதான். எனக்கு இதைப் படிச்சப்போ புல்லரிச்சுப் போச்சுங்க.

எதிர்ப் பக்கமும் உண்டு. பதட்டத்துல நெஞ்சைப் படபடக்க வைக்குற சிம்பதெடிக் நரம்பு விடுற நார்அட்ரினலின் அதே கொத்தனார் செல்லுல பீட்டா-2ங்குற, சேதி வாங்குற ஏற்பி மேல உக்காந்து கட்டுற வேலையைக் குறைக்குது, 2002லயே சுண்டெலியில காட்டிட்டாங்க. சில பிபி மாத்திரை இந்த மாதிரி ஏற்பியை அடைக்குற வகைதான், அதுக்காக இதைக் கேட்டுட்டு பிபி மாத்திரையைக் கூட்டிக் குறைச்சிராதீங்க, மனுஷங்கள்ல விஷயம் இன்னும் தீரல.

நான் பிசியோதெரபி பாக்குற ஒரு அண்ணே, மேலூர் பக்கம், தென்னையில இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ரெண்டு வருசம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரேயில தொடை எலும்பு அடர்த்தி கொறைஞ்சு மங்கிப்போய் கெடந்துச்சு. காலை ஊன்றாததுதான் பெரிய காரணம், ஆனா நரம்போட பேச்சு நின்னுபோனதுக்கும் அதுல பங்கு இருக்குன்னு நான் நம்புறேன். ஒருநாள் வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு மாத்துறப்போ காலு லேசா முறுக்கி முட்டிக்கு மேல முறிஞ்சிருச்சு, அவருக்கு வலியே தெரியல. மறுநாள் அவங்க அம்மா துணி மாத்துறப்போ முட்டி வீங்கி கொதிக்கிறதைத் தொட்டுப் பாத்துதான் கண்டுபிடிச்சாங்க. அப்படி ஒருத்தர் உங்க வீட்டுல இருந்தா பாதத்தைப் புடிச்சு இழுக்காதீங்க, தொடைக்கும் கெண்டைக்கும் அடியில கை குடுத்து ஒண்ணாத் தூக்குங்க, தினமும் ரெண்டு முட்டியையும் தொட்டுப் பாருங்க.