கருவுறும் முன்பே உடலில் சேரும் இரசாயனங்களும் தைரொயிட் சுரப்பியும்

(திருகோணமலை நகரில் தாய்மாரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணித் தாய்மாரைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தவுடன், எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று சொல்வதற்கு வீட்டில் ஆளுக்கு ஆள் முன்வருகிறார்கள். நான் இன்று பேசும் பொருளோ அந்த நாளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மண்ணிலும் நீரிலும் உடற்கொழுப்பிலும் இரத்தத்திலும் சிதையாமல் நெடுங்காலம் தங்கும் சில இரசாயனங்கள், அவள் சிறுமியாக இருந்த காலம்தொட்டு அவளுடைய உடலில் சேர்ந்திருக்கின்றன. கர்ப்பத்தின் ஒன்பது மாதங்களில் அவற்றைக் கழுவி வெளியேற்றிவிட முடியாது. ஆகவே தாயைக் குறைகூறுவதில் பயனில்லை. அவளுடைய தைரொயிட் சுரப்பியை அந்தச் சுமையைத் தாங்கும் நிலையில் வைத்திருப்பதும், சுமை மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதுமே நம் கையில் உள்ளவை.

கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் இந்தச் சிறு சுரப்பி, உணவிலிருந்து வரும் அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனை உண்டாக்குகிறது. கருவில் வளரும் பிள்ளையின் மூளை உருப்பெறுவதற்கு இந்த ஓமோன் இன்றியமையாதது. பிள்ளையின் சொந்தச் சுரப்பி 10 முதல் 12 வாரமளவில்தான் அயடீனைப் பற்றத் தொடங்குகிறது. போதிய அளவில் ஓமோனைச் சுரக்க ஏறத்தாழ அரைக் கர்ப்பகாலம் கடந்துவிடுகிறது. அதுவரை தாயின் தைரொட்சினே சூல்வித்தகம் எனும் நஞ்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்குச் செல்ல வேண்டும். அதனால் தாயின் சுரப்பி வழமையைவிட ஏறக்குறைய அரைப்பங்கு கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதுமெனக் கூறும் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்று பரிந்துரைப்பது இதனால்தான். கர்ப்பகாலத்தில் தைரொயிட் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்து, 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, அவர்களின் நுண்ணறிவு ஈவு ஏனைய பிள்ளைகளைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்ததைக் காட்டியது.

இவ்வளவு நெருக்கடியான வேலையைச் செய்யும் சுரப்பியின் வழியில்தான் இந்த இரசாயனங்கள் குறுக்கிடுகின்றன. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் கலக்கப்பட்ட பி.சி.பி. வகைகள், மெத்தைகளும் மின்சாதனப் பிளாத்திக்கும் தீப்பற்றாதிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள், குப்பை எரியும்போது பிறக்கும் டயொக்சின்கள், டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி, எண்ணெயும் நீரும் ஒட்டாத பொருள்களிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்பட்ட பி.எஃப்.ஏ.எஸ். எனும் புளோரின் சேர்மங்கள் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. உடலுக்குள் மாற்றமடைந்த பி.சி.பி.யும் புரோமின் சேர்மங்களும் வடிவத்தில் தைரொட்சினை ஒத்திருப்பதால், இரத்தத்தில் அந்த ஓமோனைச் சுமந்துசெல்லும் புரதத்தில் தாமே போய் அமர்ந்துகொள்கின்றன. பஸ்ஸில் உரியவருக்கு ஒதுக்கிய ஆசனத்தில் வேறொருவர் ஏறி அமர்ந்துவிடுவது போன்றதே இது. வேறு சில சேர்மங்கள் ஈரலைத் தூண்டி, ஓமோன் விரைவாக வெளியேறச் செய்கின்றன. அயடீன் போதாத பெண்ணிலும், தன் சுரப்பியையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் உள்ள பெண்ணிலும் இந்தக் குறுக்கீடு தாங்க முடியாததாகக்கூடும்.

காலக்கணக்கை எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும். பி.எஃப்.ஏ.எஸ். வகைகளில் நன்கு ஆராயப்பட்டவற்றின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே சில ஆண்டுகள் செல்கின்றன. 1979இல் தைவானில் பி.சி.பி. கலந்த தவிட்டெண்ணெயை உண்டு இரண்டாயிரம் பேரளவில் நோயுற்றனர். அந்த எண்ணெயை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து அத்தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளிடமும் வளர்ச்சிப் பின்னடைவு காணப்பட்டது. அங்கே பாதிப்பு தைரொயிட் வழியாக மட்டும் வந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் உண்ட காலமும் பெற்ற காலமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதை அது துயரத்தோடு உணர்த்தியது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா, ஒஹாயோ மாநிலங்களில், தொழிற்சாலையொன்றின் பி.எஃப்.ஏ.எஸ். கலந்த குடிநீரைப் பருகிய ஏறத்தாழ 69,000 பேரை ஆராய்ந்த அறிவியற்குழு, அந்த இரசாயனத்துக்கும் தைரொயிட் நோய்க்கும் தொடர்பு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று 2012இல் முடிவுசெய்தது. கர்ப்பிணிகளை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டவில்லை. சிலவற்றில் ஓமோன் மாற்றம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தனியொரு தாயிடம் விளைவு பெரும்பாலும் சிறியதே. எனினும் கர்ப்பிணிகள் ஏறத்தாழ அனைவரிடமும் சிறிதளவேனும் காணப்படும் ஒரு காரணியைச் சிறியது என்று தள்ளிவிடுவது சரியன்று என்பது என் துணிபு.

நம் ஊருக்கு வருகிறேன். இங்குள்ள முதியவர்களுக்கு வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. அடித்த காலம் நினைவிருக்கும். 1946இல் தொடங்கிய அந்தத் தெளிப்பினால் மலேரியா நோயாளர் தொகை 1963இல் நாடு முழுவதும் 17 ஆகக் குறைந்தது. பின்னர் நோய் மீண்டும் பெருகியது. 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அந்த மருந்து காத்த உயிர்களை மறந்து அதைப் பழிப்பது நன்றியன்று. நன்மை செய்த பொருளும் செய்தபின் நம்மோடு தங்கிவிடுகிறது என்பதே இங்கு கருத வேண்டியது.

மீன் குறித்துக் கேட்பீர்கள். மீனை விடவேண்டாம். அயடீனும் புரதமும் அதில் உண்டு. பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன, நிலைத்த மாசுகள் அதன் உடலில் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே கர்ப்பிணிக்குச் சூடை, சாளை, கீரி போன்ற சிறு மீன்களே நல்லவை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா கொடுக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. அதைத் தொடர விரும்புவோர் பெரிய சுறாவைத் தவிர்ப்பது நல்லது.

கடலோரத்தில் வாழும் நமக்கு அயடீன் குறையாது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது தவறு. கடல்நீரை வெயிலில் காயவைத்துப் பெறும் உப்பில் அயடீன் மிகச் சிறிதளவே எஞ்சுகிறது. உப்பளத்திலிருந்து நேரே வாங்கிய கட்டி உப்பைக் கருவாட்டுக்கு வைத்துக்கொண்டு, சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். அதை மூடியுள்ள போத்தலில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கறி இறக்கும் நேரத்தில் சேர்த்தால் அயடீன் வீணாவது குறையும்.

அடுப்பு மூட்டச் சொப்பிங் பையைக் கொளுத்துவதையும், செம்பு எடுப்பதற்காக மின்கம்பியை எரிப்பதையும் நிறுத்த வேண்டும். பழைய மின்மாற்றி எண்ணெயை வேறெந்தத் தேவைக்கும் எடுக்கக்கூடாது. கொதித்தாறிய நீர் கிருமிகளுக்கு எதிரான நல்ல காப்பு. பி.எஃப்.ஏ.எஸ். சேர்மங்களை அது அகற்றாது.

உத்தியோகத்தர்களிடம் ஒரு வேண்டுகோள். கர்ப்பத்தின் முதற்பதிவு எட்டு வாரத்துக்கு முன் நடக்கவேண்டும் என்று நீங்கள் வலியுறுத்துவது இந்தச் சுரப்பிக்கும் பொருந்தும். ஏனெனில் பிள்ளை தாயின் ஓமோனை மட்டுமே நம்பியிருக்கும் வாரங்கள் அவை. முன்னர் தைரொயிட் நோய் இருந்தவர், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர், கழுத்தில் வீக்கம் உள்ளவர், கருச்சிதைவைச் சந்தித்தவர் ஆகியோர் தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோனை அளக்கும் ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் தாமதியாமல் கேட்கும்படி சொல்லுங்கள். தைரொட்சின் வில்லை எடுப்பவர் கருவுற்றதும் அதை நிறுத்திவிடக்கூடாது. பெரும்பாலும் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். இதைவிட எளிதாகத் தவறும் இடம் ஒன்றுண்டு. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து வில்லையும் கல்சியம் வில்லையும் தைரொட்சின் உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. கர்ப்பிணிகளுக்குத் தரும் திரிபோஷா சத்துமாவில் உள்ள சோயாவும் அத்தகையதே. தைரொட்சினை அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, மற்ற வில்லைகளை நான்கு மணிநேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிறந்தபின் பாலூட்டுவதை எக்காரணம் கொண்டும் இந்த அச்சத்தால் நிறுத்தவேண்டாம். தாய்ப்பாலில் இத்தகைய மாசுகள் சிறிதளவு கலந்திருந்தாலும், பாலூட்டுவதன் நன்மையே மிகுதி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எஞ்சியது பொதுப் பொறுப்பு. நிலைத்த கரிம மாசுகளை ஒழிக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை இலங்கை 2005இல் ஏற்று உறுதிசெய்தது. எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை எண்ணெய்க் குதங்களிலும் விமானத் தளங்களிலும் துறைமுகங்களிலும் வைத்திருக்கப்படுவது உலக வழக்கம். சீனக்குடாவிலும் துறைமுகத்திலுமாக இம்மூன்றும் நம்மிடம் உள்ளன. அங்கே கையிருப்பில் உள்ள நுரை எந்த வகையானது, பழைய மின்மாற்றி எண்ணெய் எங்கே வைக்கப்படுகிறது, நகரின் குப்பை திறந்தவெளியில் எரிக்கப்படுகிறதா என்ற கேள்விகளை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் எழுத்தில் கேட்கலாம். இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் அந்த விண்ணப்பங்களை எழுத முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.