விண்கப்பலில் எதற்கு வாள்?

வணக்கம் நேயர்களே.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஏழெட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகி, விண்வெளிப் படைக் கதையொன்றை விளையாடத் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதற் கேள்வி வந்துவிடும்: லேசர் இருக்கிற காலத்தில் தளபதியின் இடுப்பில் வாள் ஏன்?

பிரித்தானியக் கடற்படை, எதிரிக் கப்பலில் ஏறிச் சண்டையிடும் வெட்டுக்கத்தியை 1936இல் கைவிட்டது. அதிகாரிகளின் வாள் அணிவகுப்பில் இன்றும் இருக்கிறது. வேலை போனபின்னும் கைவிட மனமில்லாத பொருள்தான் சடங்காகிறது. 1977இல் வந்த 'ட்ராவலர்' என்ற விண்வெளிப் பாத்திர விளையாட்டில், கப்பலோடு போகும் மரீன் படையில் சேரும் பாத்திரத்துக்கு வெட்டுக்கத்தித் திறன் தானாகவே கிடைக்கும். கப்பலுக்குள்ளே சுட்டால் சுவர் ஓட்டையாகிக் காற்றுப் போய்விடும் என்று நீங்களும் ஒரு காரணம் வைக்கலாம்.

ஆகவே, ஒவ்வொரு சடங்குக்கும் 'முன்பு இது எதற்குப் பயன்பட்டது' என்று கேட்டு எழுதுங்கள். அதே பிரித்தானியக் கடற்படையில் அரசருக்கான வாழ்த்துப் பானத்தை உட்கார்ந்தபடியே குடிப்பார்கள். பழைய மரக்கப்பலின் உத்தரம் பதிவு, எழுந்தால் தலை இடிக்கும் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். ஈர்ப்பில்லாத கப்பலிலோ எழுந்து நிற்பது என்ற ஒன்றே கிடையாது. அங்கே மிதக்கும் காலைத் தரைப் பட்டியில் மாட்டுவதுதான் மரியாதை. இப்படி ஒன்று கிடைத்தால் பத்துப் பக்கச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

கட்டளைக்குத் தமிழ் நல்ல வசதி. வினை கடைசியில் வருவதால் "வாளை" என்று இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, "உருவு!" என்று வெட்டலாம். "உருவுங்கள்" என்றால் கெட்டது காரியம்; பாதிப் பேர் 'உரு'விலும் மீதிப் பேர் 'கள்'ளிலும் உருவுவார்கள்.

வாள் வணக்கம் இரண்டு அசைவு. தோளோடு நிமிர்ந்திருக்கும் வாளை, கைப்பிடி வாய்க்கு நேரே வர முன்னே கொண்டுவாருங்கள். முழங்கை விலாவை ஒட்டி நிற்க வேண்டும். அடுத்து கை வலப்பக்கம் இறங்கும், நுனி வலக்காலுக்கு முன்னே நிலத்தைப் பார்க்கும். பெரும்பாலும் பிழைப்பது முதல் அசைவில்தான்: அலகு முன்னே சரிந்து தொப்பி விளிம்பில் தட்டும். பிடி சிலுவை வடிவம் என்பதால் அதை முத்தமிட்டதில் இருந்து இந்த வணக்கம் வந்ததாக ஒரு கதை உண்டு. உங்கள் கற்பனைப் படைக்குச் சிலுவை தெரியாதே! உரியவரின் மூச்சுப் பட்டால்தான் வாளின் பூட்டுத் திறக்கும் என்று வைத்துப் பாருங்கள். அதே அசைவுக்குப் புதுப் பொருள் வந்துவிடும்.

உறையில் போடும்போது இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் உறைவாயைப் பிடித்திருக்க, அலகின் முதுகு அந்த விரல்களில் படிந்து நுனி வழி தேடும். தலை மட்டும் குனியலாம், உடம்பு குனியக்கூடாது.

இனி வாள் செய்வது. கூத்து வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டுவது மேடைக்குச் சரி. கிட்ட நின்றால் சுருக்கம் தெரியும். நடுவில் பத்து மில்லிமீற்றர் தடிப்பில் சீவிய கமுகஞ் சிலாகை, அதைச் சுற்றி அதே தடிப்பில் போம் பாய், இரு புறமும் ஐந்து மில்லிமீற்றர் போம். சிலாகை நுனிக்கு நாலு விரற்கடை முன்னமே நின்றுவிட வேண்டும். சிராய் கிளம்பாமல் முழுக்க ரேப் சுற்றுங்கள். அலகின் நீளம் 32 அங்குலம் போதும். ஒட்டும் பசையை இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை, ஏறக்குறைய பத்து நிமிடம், விடுங்கள். ஈரத்தோடு அழுத்தினால் வெயிலில் கழன்றுவிடும். ரிஜிபோமில் இந்தப் பசையைப் பூசவே வேண்டாம், கரைந்துபோகும். போம் வாள் உறைக்குள் வழுக்காது. உறையின் உட்புறம் கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். இது அணிவகுப்பு வாள், அடிபிடிக்கு உதவாது.

சீருடையில் அவதானம் தேவை. புள்ளித் துணியோ வரித் துணியோ தொட வேண்டாம். உண்மையான படைகளின் சின்னமும் வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். வன்னியில் அந்த உடுப்பைக் கண்டால் பார்க்கிற அம்மாமாருக்கு விளையாட்டு ஞாபகம் வராது. மாதுளை நிறப் பருத்தித் துணி நல்லது. தோளில் மட்டும் விறைப்புத் துணி வையுங்கள், முழு உள்துணி வைத்தால் பங்குனி வெயிலில் ஆள் மயங்கும். பதவிக்குக் கைவிளிம்பில் ரிபன் கோடு. கையை மூட்டித் தைக்கும் முன்னே ரிபனைத் தைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு தைத்தால் கோட்டின் இரு நுனியும் ஒன்றையொன்று சந்திக்காது.

கடைசியாக, வாள் வளைவு. எதிரெதிரே மூன்று சோடி நின்று, கூர்ப்பக்கம் மேலே பார்க்க வாளை உயர்த்தி நுனிகளைச் சேர்ப்பது. மண்டபத்தில் செய்தால் முதல் வேலையாக மின்விசிறி எங்கே தொங்குகிறதென்று பாருங்கள், ஒருவரை ஆளியடியில் நிறுத்தி அதை நிற்பாட்டிய பிறகே "வாளை உயர்த்து!"

வணக்கம்.