தேர்ச்சிப் பட்டியலில் நம் மாவட்டம்: யாரை எண்ணினோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால், தொண்டி தொடங்கி மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களில் ஒரே கேள்விதான்: "நம்ம மாவட்டம் எத்தனாவது?" 2024இல் அதற்கு நல்ல பதில் கிடைத்தது. அரியலூர் 97.31 விழுக்காடு, சிவகங்கை 97.02, மூன்றாவதாக இராமநாதபுரம் 96.36. மாநிலம் முழுவதற்கும் சேர்த்துத் தேர்ச்சி 91.55தான். 38 மாவட்டங்களில் மூன்றாம் இடம் என்பது ஆசிரியர்களும் பிள்ளைகளும் உழைத்துப் பெற்றது. அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம்.

இதே மாவட்டம் இன்னொரு பட்டியலிலும் இருக்கிறது. 2018இல் நிதி ஆயோக், நாடு முழுவதும் பின்தங்கிய 112 மாவட்டங்களை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டே மாவட்டங்கள்: இராமநாதபுரம், விருதுநகர். அந்தத் திட்டத்தின் மதிப்பெண்ணில் கல்விக்கு மட்டும் 30 விழுக்காடு. விருதுநகரும் தேர்ச்சியில் சளைத்ததில்லை. 2025 பத்தாம் வகுப்பு முடிவில் சிவகங்கை முதலிடம், விருதுநகர் இரண்டாமிடம். 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது உண்டானவைதான் இந்த மூன்றும். மழை குறைந்த, தொழிற்சாலை குறைந்த பழைய மாவட்டத்தின் பிள்ளைகள் தேர்வில் முன்னே நிற்கிறார்கள். அப்படியிருந்தும் பின்தங்கிய பட்டியலில் பெயர் இருக்கிறது. இரண்டு பட்டியலும் வேறு வேறு ஆட்களை எண்ணுகின்றன. அதைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

தேர்ச்சி விழுக்காடு எப்படி வருகிறது? தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கையை, தேர்வு எழுதியவர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கீழே இருக்கும் எண்ணைக் கவனியுங்கள். அதில் இருப்பது தேர்வுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிள்ளை மட்டுமே. எட்டாவதோடு நின்றவர், ஒன்பதாவதில் படகேறியவர், ஹால் டிக்கெட் வந்தும் வராதவர் யாரும் அதில் இல்லை.

கணக்குக்காக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் 40 பேர் சேர்ந்தார்கள். மூன்று பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கீழக்கரைப் பள்ளிக்குப் போனார்கள். பத்தாம் வகுப்பு நாமினல் ரோலில், அதாவது பொதுத்தேர்வுக்குப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலில், இருந்தது 32 பெயர். எழுதியது 31, தேர்ச்சி 30. பள்ளி வாசலில் எழுதி வைக்கும் விழுக்காடு 96.8. வேறு பள்ளிக்குப் போன மூவரைக் கழித்துவிட்டு, மீதி 37 பேரில் எத்தனை பேர் கரை சேர்ந்தார்கள் என்று பார்த்தால் 81. பள்ளி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னது. இரண்டு எண்ணுக்கும் இடையில் விழுந்த பிள்ளைகள்தாம் நம் கவலையாக இருக்க வேண்டும்.

நம் கரையில் அந்தப் பிள்ளைகள் எப்போது விழுகிறார்கள் என்பதை நாட்காட்டியே காட்டிவிடும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளிக்கூட விடுமுறையும் ஏறக்குறைய அதே காலம். படகு கரையில் கிடக்கும்போது பள்ளியும் மூடியிருக்கிறது. பள்ளி திறந்து பிள்ளை புது வகுப்பில் உட்காரும் அதே ஜூன் நடுவில் படகும் கடலுக்கு இறங்குகிறது. இரண்டு மாதம் வருமானம் இல்லாத வீட்டில், பதினைந்து வயதுப் பையனின் கைக்கு அன்று கிடைக்கும் பங்குக் காசு பெரிது. பத்தாவதில் ஒரு பாடம் போன பையனுக்கும் இதே சிக்கல்தான். முடிவு மே மாதம் வருகிறது, துணைத் தேர்வோ படகு இறங்கிய பிறகு வருகிறது. விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு. அந்த நாட்களில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் அவனைக் கூட்டிவந்து விண்ணப்பம் போட வைத்தால் ஒழிய, அவன் திரும்ப வருவது கடினம்.

பள்ளி நடக்கும் மாதங்களில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பாக் விரிகுடாவில் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் பிரித்துப் போகிறார்கள். ராமேசுவரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள். படகில் போன பையன் மறுநாள் காலைதான் திரும்புவான், அன்றும் வகுப்புக்கு வர மாட்டான். மாத வருகை 70 விழுக்காடு என்று எழுதிவிட்டால் இது தெரியாது. வாரத்தின் எந்தக் கிழமையில் யார் வரவில்லை என்று நான்கு வாரத்துக்குப் பிரித்து எழுதினால் உடனே தெரிந்துவிடும். நீண்ட நாள் வராதோர் பட்டியலில் சேரும் முன்பே பிடித்துவிடலாம். மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கப் போகும் குடும்பங்களில் பெண் பிள்ளைக்கும் இதே கணக்குப் பொருந்தும்: தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்பது அவள்தான்.

அறிவியல் செய்முறைத் தேர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. செய்முறை முன்னதாகவே முடிந்துவிடும். அன்று கடலில் இருந்துவிட்டு எழுத்துத் தேர்வுக்கு மட்டும் வருகிற பையன் மற்ற நான்கு பாடத்திலும் நன்றாக எழுதினாலும் அறிவியலில் மாட்டிக்கொள்கிறான். செய்முறைத் தேதியைப் பெற்றோருக்குப் பள்ளி நேரில் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போதாது.

இனி ஒப்பிடுவது பற்றி. 2024இல் நமக்கு அடுத்து நின்ற கன்னியாகுமரி 96.24. நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் 0.12. பதினைந்தாயிரம் பேர் எழுதும் மாவட்டம் என்று வைத்துக்கொண்டால் அது 18 பிள்ளைகள். ஒரு வகுப்பறைகூட இல்லை. இந்தப் பதினெட்டு பேரை வைத்து ஓர் இடம் ஏறினோம், ஓர் இடம் இறங்கினோம் என்று பேசுவதில் பொருளில்லை. ஆனால் கடைசியில் நின்ற வேலூர் 82.07. அரியலூருக்கும் அதற்கும் பதினைந்து புள்ளி இடைவெளி. அது உண்மையான வேறுபாடு, காரணம் தேட வேண்டியது. அந்த ஆண்டு மாநில அளவில் பெண்கள் 94.53, ஆண்கள் 88.58. ஏறக்குறைய ஆறு புள்ளி. ஆகவே மாவட்ட இடத்தைவிட, உங்கள் ஒன்றியத்தில் ஆண், பெண் தேர்ச்சி தனித்தனியே எவ்வளவு என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாரோடு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். பாம்பன் பள்ளியைக் கோயம்புத்தூர் நகரத்துப் பள்ளியோடு வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. நாகப்பட்டினம், தூத்துக்குடி, புதுக்கோட்டைக் கரையோர ஒன்றியங்களோடு பாருங்கள். அங்கும் கடல், அங்கும் தடைக்காலம். உள்மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்வது வேறு வகைச் சிக்கல். இரண்டையும் சேர்த்து ஒரே மாவட்டச் சராசரியாக்கினால் இரண்டுமே மறைந்துபோகும்.

மத்தியக் கல்வி அமைச்சகம் மாவட்டங்களுக்கென ஒரு செயல்திறன் தரக் குறியீடு வெளியிடுகிறது. 83 அளவுகோல்கள், மொத்தம் 600 புள்ளி. அதில் கற்றல் விளைவுகளுக்கு 290; கட்டமைப்பு வசதிக்கு 51, மின்வழிக் கற்றலுக்கு 50. மொத்தப் புள்ளி கூடியது என்று செய்தி வந்தால், எந்தத் தலைப்பில் கூடியது என்று பாருங்கள். கணினி வந்ததால் கூடியதும், பிள்ளை வாசிக்கக் கற்றதால் கூடியதும் ஒன்றாகாது. வாசிப்பையும் கணக்கையும் நேராகச் சோதிப்பது தேசிய அடைவு ஆய்வு. 2021இல் 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளில் நடந்தது. 2024இல் 3, 6, 9. எல்லாப் பள்ளிகளையும் சோதிக்காமல் சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்துச் செய்யும் ஆய்வு என்பதால், அது மாவட்டத்துக்குப் பொருந்தும். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பொருத்திப் பேசக்கூடாது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வழி, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் ஐந்து எண்களைக் கேளுங்கள்: நான்காண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர், மாற்றுச் சான்றிதழோடு வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டவர், இந்த ஆண்டு நாமினல் ரோலில் இருப்பவர், தேர்வு எழுதியவர், தேர்ச்சி பெற்றவர். ஆண், பெண் தனித்தனியாக. எல்லாம் எமிஸ் எனும் பள்ளிக்கல்வித் துறையின் கணினிப் பதிவில் இருக்கிறது. எடுக்க அரை மணி நேரம் ஆகும். கணக்கில் வராமல் நிற்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி, தெருவாரியாகக் குழு உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளுங்கள். இதை மே மாதம், படகுகள் கரையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். அப்பாவும் பையனும் அப்போது வீட்டில் இருப்பார்கள். ஜூன் 15க்குப் பிறகு போனால் பேச ஆள் கிடைக்காது.

நன்றி, வணக்கம்.