வெயிட்டுக்கு ஏன் அந்தப் பெயர்?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்கு வந்திருக்கிறீர்கள், வீட்டில் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நான் பேசப்போவதே அந்தக் குக்கரைப் பற்றித்தான்.

குழந்தைகளுக்குக் கண்டுபிடிப்புக் கதை சொல்ல உட்கார்ந்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜேம்ஸ் வாட்டில்தான் ஆரம்பிப்போம். சின்னப் பையன், அடுப்பில் கெட்டில், மூடி தடதடவென்று ஆடுகிறது, பையன் உற்றுப் பார்க்கிறான், உடனே நீராவி இயந்திரம் பிறந்துவிடுகிறது. நானும் இப்படித்தான் படித்தேன், பல வருடம் இப்படியே சொல்லியும் வந்தேன். ஆனால் வாட் பிறந்தது 1736இல். தாமஸ் நியூகோமன் செய்த நீராவி இயந்திரம் 1712லேயே இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் வாட் என்னதான் செய்தார்? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த நியூகோமன் இயந்திரத்தின் சின்ன மாதிரி ஒன்று சரியாக ஓடவில்லை, அது ரிப்பேருக்கு இவரிடம் வந்தது. பிரித்துப் பார்த்தவர், இது இவ்வளவு ஆவியைக் குடிக்கிறதே, அத்தனையும் எங்கே போகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார். ஆவி வந்து நிறையும் சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் குளிர வைத்து மறுபடி சூடாக்குவதிலேயே பெரும்பகுதி வீணாகிறது, ஆவியைத் தனியே வேறொரு பாத்திரத்தில் குளிர வைத்தால் என்ன என்று தோன்ற 1765 ஆகிவிட்டது. ஆக, இது ஒரு ரிப்பேர்காரரின் கதை. கெட்டிலை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, இதைச் சொல்லும்போது மெக்கானிக் வீட்டுப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆவி மூடியைத் தூக்குவதைப் பார்த்த ஆள்தான் வேண்டும் என்றால், நிஜமாகவே ஒருவர் இருக்கிறார். டெனி பாப்பின், பிரெஞ்சுக்காரர். லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்காரர்களிடம் 1679இல் கனமான உலோகப் பானை ஒன்றைக் காட்டினார். அவருடைய கவலை எலும்பைப் பற்றியது. தூக்கி எறிகிற எலும்பை மெத்தென்று வேகவைத்துவிட்டால் அதுவும் சாப்பாடாகுமே! திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால் அதற்கு மேலும் போகும், நம் வீட்டுக் குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி. ஆனால் அடைத்துக்கொண்டே போனால் பானை வெடிக்கும். அதனால் மூடியில் ஒரு சின்னத் துளை போட்டு, அதை அடைக்க ஒரு அடைப்பான், அதன்மேல் ஒரு நெம்புகோல், நெம்புகோல் நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டார். ஆவியின் அழுத்தம் எடையை ஜெயிக்கும்போது அடைப்பான் தூக்கிக்கொள்ளும், கொஞ்சம் ஆவி வெளியே போகும், மறுபடி மூடிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது இந்த இடத்தில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கத்தினான் பாருங்கள், "அதனாலதான் அம்மா அதை வெயிட்டுன்னு சொல்றாங்களா!" நாற்பது வருடமாக நானும் "வெயிட்டைப் போடு, வெயிட்டை எடு" என்று சொல்லி வருகிறேன், அது ஏன் வெயிட் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

1682 ஏப்ரலில் அந்தப் பானையில் சமைத்து ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு ஒரு விருந்தே நடந்தது. அங்கே சாப்பிட்ட ஜான் ஈவ்லின் என்ற ஆங்கில எழுத்தாளர், கெட்டியான மாட்டெலும்பு பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று இருந்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதைக் கேட்டால் பிள்ளைகள் "எலும்பையா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னும் கிட்டே வந்து உட்காருவார்கள். பிறகு 1690இல் இதே பாப்பின், சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டனை ஆவி தூக்கும் என்றும் செய்து காட்டினார். கடைசிக் காலத்தில் லண்டனில் வறுமையில் செத்தார்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான், "அவருக்குக் காசு கிடைக்கலையா?" பெரியவர்கள் இந்தக் கேள்வியை மழுப்பிவிடுகிறோம். நான் மழுப்புவதை நிறுத்திவிட்டு ஊக்குக் கதையை எடுத்துக்கொண்டேன். நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் ஒரு கம்பியை வளைத்து, நடுவில் ஒரு சுருள், நுனிக்கு ஒரு தொப்பி வைத்து 1849இல் காப்புரிமை வாங்கினார். 15 டாலர் கடனை அடைக்கத்தான் அதைச் செய்தார் என்பார்கள், உரிமை முழுவதையும் 400 டாலருக்கு விற்றுவிட்டார். (இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ரோமானியர்கள் சுருள் வைத்த ஊசியைத்தான் துணியில் குத்தியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் பொய் சொன்ன மாதிரி இருக்கும்.)

அதைவிடப் பெரிய விஷயம், இதே ஹன்ட் 1830களில் ஒரு தையல் மெஷினையும் செய்திருக்கிறார், ஆனால் அப்போது காப்புரிமை வாங்கவில்லை. கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும் என்று அவர் மகள் சொன்னதால் விட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. 1846இல் எலியாஸ் ஹோவ் என்பவர் தன்னுடைய மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

போன மாதம் இதைச் சொன்னபோது பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மகள் சொன்னது சரி என்று பாதிப் பேர், முட்டாள்தனம் என்று பாதிப் பேர், ஒரே சத்தம். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை எழுந்து, "எங்க அம்மா மெஷின்லதான் சார் தைக்கிறாங்க, அதுலதான் எனக்கு ஃபீஸ் கட்டுறாங்க" என்றது. அன்றைக்கு அதற்கு மேல் நான் கதை சொல்லவில்லை, அந்தப் பிள்ளைதான் தையல் மெஷினில் நூல் சுற்றிய பாபினை எப்படி மாட்டுவது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.